கப்பலை இருபது நிமிடம் பின்னுக்குத் தள்ளியது நான்தான்

பெருமதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்கள் உத்தரவாதக் கையெழுத்தின் பேரில் கடலில் விடப்பட்டிருக்கும் அண்ணன் மகள் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். கப்பலும் நலம். கப்பலில் இருக்கும் மற்ற முந்நூற்று நாற்பது பேரும் நேற்றுக் காலை வரை நலம். அங்கு தாங்கள் நலமென்றும், தங்களிடம் எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்கள் மட்டுமே நலமில்லை என்றும் நம்புகிறேன்.

நாளைக் காலை கப்பல் தங்கள் ஊரை அடைகிறது. நாலு வருஷம் கழித்து என்னைப் பார்க்கப் போகிறோம் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுத் துறைமுக வாசலில் நிற்பீர்கள். அப்போது என் முகத்துக்குப் பதிலாகப் பெரிய கண்ணாடி போட்ட ஒரு முகம் வந்து இந்தக் கடிதத்தை நீட்டும். அது என் அறைத்தோழி ஆந்தை. நல்ல பெண், கடிக்க மாட்டாள். நான் ஏன் வரவில்லை என்பதை விளக்கத்தான் இத்தனை பக்கம். நின்றுகொண்டே படிக்க வேண்டாம், எங்காவது உட்காருங்கள்.

என்னை இந்த மிதக்கும் கல்லூரிக்கு அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு வந்தபோது, "குடும்ப மானம் கப்பலேறிடும்"னு அப்பா சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும். ஏறிவிட்டது, அத்தை. இரண்டாவது தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், மேல் படுக்கையில் சௌகரியமாகவே இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரான அப்பாவுக்கு எந்த விஷயத்திலும் ஒரு கால் பிரேக்கிலேயே இருக்கும். தாங்கள்தான் "அண்ணே, காலை எடு, வண்டி போகட்டும்"னு சொல்லி, "இம்மாணவியின் நடத்தைக்கு நான் பொறுப்பு" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். ஆளை ஊடுருவிப் பார்த்தே பழகிய தாங்கள் என்னை மட்டும் எப்படி மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போட்டீர்கள் என்பது இன்றுவரை எனக்கே ஆச்சரியம்தான்.

படிப்பெல்லாம் பிரமாதமாகப் போகிறது. நாற்காலி, மேசை எல்லாம் தரையோடு திருகி முடுக்கப்பட்டவை. நகர்வது மாணவர்கள் மட்டும்தான். பொருளாதார வகுப்பில் "விலை ஏறும்போது" என்று பேராசிரியை சொன்னால் தரை ஏறுகிறது, "இறங்கும்போது" என்றால் இறங்குகிறது. இவ்வளவு தெளிவாக எந்தக் கல்லூரியிலும் பாடம் நடக்காது. பாதி வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவதைப் பாடம் உள்ளே இறங்கியதன் அறிகுறி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் போகிற திசையைப் பொறுத்து, சில நாளுக்கு ஒருமுறை நாங்கள் கடிகாரத்தைத் திருப்பிவைக்க வேண்டும். நடுக்கடலில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது, அதனால் அதுவும் எங்களைப் போலவே சொன்னதைக் கேட்டு நடக்கிற ஜீவன்தான். தாழ்வாரத்துக் கடிகாரங்களை யாரும் மதிப்பதில்லை, அவை இன்னும் போன துறைமுகத்திலேயே இருக்கின்றன. ஆக மொத்தம் எங்களுக்குக் காலத்தைப் படைப்பவர் ஒரே ஒருவர்: வரவேற்பு மேசையில் இருக்கும் எழுத்தர். சாப்பாட்டுக் கூடத்து வாசல் பலகையில் அவர் ஒட்டுவதுதான் நேரம். "இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைக்கவும்" என்று ஒட்டினால் பேராசிரியர்கள் உட்பட அத்தனை பேரும் கேள்வியே கேட்காமல் வைப்போம். இதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. ஒரு காகிதத்துக்கு இவ்வளவு மரியாதையா? முந்தாநாள் நூலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அதே எழுத்து, அதே கட்டம், அவர் வழக்கமாக அடியில் போடும் "ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி, சிரமத்துக்கு முன்கூட்டியே வருத்தம்" என்ற வரி உட்பட எல்லாம் வைத்து, கடிகாரத்தை இருபது நிமிடம் பின்னே வைக்கும்படி ஒரு அறிவிப்பு தயாரித்து, இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வரும் முன் ஒட்டிவிட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அத்தை. காலையில் இட்டுக்கட்டிய அந்த இருபது நிமிஷத்தில் வரிசையே இல்லாமல் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஆசை நிறைவேறியது. நேற்று காலை சாப்பாட்டுக் கூடத்தில் நானும் கடலும் மட்டும். தலைமைச் சமையல்காரர் எட்டிப் பார்த்து, "எங்கம்மா ஒருத்தரையும் காணோம்?"னார். "யாருக்கும் பசி இல்ல போலண்ணே, நீங்க வைங்க"ன்னேன். சமையலறையும் மாலுமிகளும் கேப்டனின் கடிகாரப்படி நடப்பவர்கள், பலகையைப் பார்ப்பதே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் ஒட்டினேன், ஆனால் கூடத்தைத் திறப்பது போலச் சாத்துவதும் அதே கடிகாரப்படிதான் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் வினை. கூடத்தை எட்டரைக்குச் சாத்துவார்கள். எட்டு நாற்பதுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து கதவைத் தட்டுகிறார்கள்.

"எட்டரை வரைக்கும்னு போட்டிருக்கே!"

"எட்டரை போய் பத்து நிமிஷம் ஆச்சு, தம்பி."

"என் வாட்ச்ல எட்டு இருபது!"

"அப்ப உன் வாட்ச்சையே சாப்பிடு."

இதோடு நின்றிருந்தால் நான் சரித்திரத்தில் ஒரு நல்ல பெண்ணாகவே இடம்பெற்றிருப்பேன். பத்து மணிக்குப் படகுப் பயிற்சி வந்தது. படகுப் பயிற்சி என்றால், சங்கு ஊதியதும் எல்லாரும் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவரவர் உயிர்காப்புப் படகின் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். பன்னிரண்டு நிமிஷத்துக்குள் அத்தனை தலையும் எண்ணப்பட வேண்டும், அதைக் கப்பலின் பதிவேட்டில் எழுத வேண்டும், துறைமுகத்தில் ஒரு ஆய்வாளர் வந்து அதைப் படிப்பார். சங்கு சரியாகப் பத்துக்கு ஊதியது. எங்கள் ஜனங்களுக்கோ மணி ஒன்பது நாற்பது. "இன்னும் நேரம் இருக்குடா, எவனோ தெரியாம ஊதிட்டான்"னு பாதிப் பேர் அறையை விட்டே வரவில்லை. வந்தவர்களில் ஒருவன் தலை முழுக்க சோப்பு நுரையோடு, துண்டின் மேல் மிதவைச் சட்டை கட்டி நின்றான். வரலாற்றுப் பேராசிரியர் ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் இரண்டு காலகட்டங்களாக வந்து சேர்ந்தார். கேப்டன் கையில் நிறுத்தற்கடிகாரம். முப்பத்துநாலு நிமிஷம்! அவர் கத்தவில்லை, அத்தை. கத்தியிருந்தால் தேவலை. பலகையிலிருந்த காகிதத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் நிலவரம் பார்க்க வரவேற்பு மேசைப் பக்கம் சும்மா போவது போலப் போனேன். எழுத்தர் கேப்டனிடம் ஒப்படைக்கத் தன் கரை அனுமதிச் சீட்டைக் கவரில் போட்டு மூடிக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்றேன். "கேப்டன் கூப்பிட்டு இது நீ அடிச்சதான்னு கேட்டார் பாப்பா. எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா நன்றி, வருத்தம் ரெண்டும் என்னுதுதான். தினம் பத்து அடிக்கிறேன், தூக்கக் கலக்கத்துல இதையும் நான்தான் அடிச்சிருக்கணும்னு ஒத்துக்கிட்டேன்"னார். செய்யாத தப்பை ஞாபகமில்லாமலே ஒப்புக்கொண்ட மனுஷனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். தண்டனை: இந்தத் துறைமுகத்தில் கரையிறங்கக் கூடாது. அத்தை, அவருக்கு அதுதான் சொந்த ஊர். ஏழு மாசமாக வீட்டைப் பார்க்கவில்லை. அவர் கப்பலேறியபோது தவழ்ந்த மகள் இப்போது நடக்கிறாளாம். "பரவால்ல பாப்பா. அடுத்த தடவை இங்க வர அஞ்சு மாசம் ஆகும். அதுக்குள்ள ஓடவே கத்துக்குவா"ன்னு சொல்லி, கவரை ஒட்டினார். கோந்து கூட ஒழுங்காக ஒட்டவில்லை.

அறைக்கு வந்து ஆந்தையிடம் சொன்னேன். அவள் ரொம்பப் படித்தவள், சட்டென்று சொன்னாள்: "நீ வாயத் திறக்காத வரைக்கும் யாருக்கும் தெரியாது. போய் உங்க அத்தையப் பாரு."

"அதாண்டி என் பிரச்சினை! ஒரு கப்பலையே இருபது நிமிஷம் பின்னுக்குத் தள்ளியிருக்கேன். அந்தப் பேரு போய் இன்னொருத்தருக்குப் போகுதே! விட்டுக்கொடுக்க முடியுமா?"

"பேருக்காகத்தான் போறியா?"

"வேற எதுக்கு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. அதனால் கிளம்பிவிட்டேன். (வேறு காரணம் இருந்ததாகத் தாங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.)

கேப்டன் அறைக் கதவைத் தட்டி உள்ளே போனேன். "நான்தான் சார்" என்றேன். காகிதத்தை மேசையில் விரித்து வைத்தார். "ஏன் இருபது நிமிஷம்?" "ஒரு மணி நேரம்னா நீங்க சந்தேகப்படுவீங்க சார்." அவர் மீசை ஒரு பக்கம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று நான் சாட்சி சொல்லத் தயார். அப்புறம், "நிஜமாவே தண்ணி புகுந்திருந்தா, அந்த சோப்பு நுரைப் பையன் எங்கம்மா இருப்பான்?"னு கேட்டார். மேசையில் கிடந்த காகிதத்தை நானே எடுத்து நாலாக மடித்தேன், அத்தை. எழுத்தரின் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பதினாலாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் கப்பலை விட்டு இறங்கத் தடை, கைப்பட எழுதி முத்திரை குத்தி. அதாவது தங்கள் லீவு இருக்கிற அதே இரண்டு நாள். அதோடு, மறுபடி பயிற்சி வைத்து, நூற்றுப் பன்னிரண்டு அறைக் கதவையும் நானே தட்டி எல்லாரையும் கிளப்ப வேண்டும் என்றார். தட்டினேன். விரல் முட்டி வீங்கிவிட்டது, தாங்கள் படம் எடுத்தே பார்க்கலாம். பதினோரு நிமிஷம், அத்தை! இந்தக் கப்பலில் இதுவரை யாரும் கண்டிராத நேரம். பதிவேட்டில் ஏறிவிட்டது.

ஆகவே தங்கள் கையெழுத்து வீணாகவில்லை என்று தலை நிமிர்ந்தே தெரிவித்துக்கொள்கிறேன். நடத்தை கெட்டது, ஆனால் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். என்னைப் பார்க்காமல் தாங்கள் வீடு திரும்ப வேண்டியிருக்கிறதே என்பதுதான்... சரி, அதை விடுங்கள். மேல் தளத்தில் இடது பக்கக் கம்பியோரம் சிவப்புத் துப்பட்டாவோடு நிற்பேன். அங்கிருந்தே கை ஆட்டுங்கள். அப்பாவிடம் பதினோரு நிமிஷத்தை முதலில் சொல்லிவிட்டு மற்றதை மெதுவாகச் சொல்லவும். தங்கள் வாழ்த்தை வாசலிலிருந்தே வீசினாலும் பிடித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் பொறுப்பில் இன்னமும் இருப்பதாக நம்பும்
அண்ணன் மகள்

பி.கு. (பதினாலாம் தேதி காலை): மேலே எழுதியதெல்லாம் செல்லாது. துறைமுகத்தில் இடம் காலி இல்லையாம். பதினாலு, பதினைந்து இரண்டு நாளும் தங்கள் ஊரைக் கண்ணால் பார்த்தபடி கடலிலேயே நிற்கப் போகிறோம், எல்லாரும் இறங்குவது பதினாறாம் தேதி. என் தடையில் கேப்டன் தேதிதான் போட்டிருக்கிறார், ஆக அன்றைக்கு நானும் இறங்குகிறேன்! முந்நூற்று நாற்பது பேருக்கும் என் தண்டனை பொதுவாகிவிட்டது. இந்த அறிவிப்பை எழுத்தரே வந்து பலகையில் ஒட்டினார், ஒருத்தரும் நம்பவில்லை. "இதையும் நீதான ஒட்டின?"ன்னு ஆந்தை உட்பட அத்தனை பேரும் பையை மாட்டிக்கொண்டு தளத்தில் நிற்கிறார்கள், என்னையும் முறைக்கிறார்கள். நான் மட்டும் ஹாயாக உட்கார்ந்து எழுதுகிறேன். தயவுசெய்து லீவைப் பதினாறுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கப்பல் காகிதங்களை ஏற்றிப் போக இப்போது ஒரு சின்னப் படகு வந்திருக்கிறது, அதில் கரைக்குப் போகிற ஒரே ஆள் நம் எழுத்தர்தான். ஆந்தைக்குப் பதில் இந்தக் கடிதத்தை அவர்தான் தருவார். அத்தை, அவரை நிறுத்தி வைத்து முழுக் கதையும் கேட்காதீர்கள். கடிதத்தை வாங்கிக்கொண்டு உடனே அனுப்பிவிடுங்கள். வீட்டில் அவர் மகள் நடந்து காட்டக் காத்திருக்கிறாள்.