மாடிப்படியில் தள்ளியது யார்

"பொண்ணு பேசுமா?"

போன வருஷம் பெண் பார்க்க வந்த ஒரு அம்மாள், ரூபியாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவளுடைய உம்மாவிடம் இப்படிக் கேட்டாள். பேசுவேன் என்று சொல்ல ரூபியா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. வைத்த மிக்சரைக்கூடத் தொடாமல் அவர்கள் எழுந்து போனார்கள்.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் இந்த வாயால்தான். எழுந்து நின்று பதில் சொல் என்றால் அவளுக்கு வேர்த்துக் கொட்டிவிடும்.

ஆனால் வீட்டின் பின்னறையில் தறி ஓடும்போது அவள் வேறு ஆள். இரண்டு விசைத்தறியும் போடுகிற இரைச்சலில், பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் கத்தினால்தான் கேட்கும். முன்னறைக்கு ஒரு சொல் போகாது. அந்தத் தைரியத்தில், நூல் சுற்ற வருகிற பக்கத்து வீட்டு எப்சிபாவிடம் தொண்டை கிழியப் பேசுவாள். பேச்சு முழுக்கப் பேய்க்கதையும் கொலைக்கதையும்தான். பஸ் ஸ்டாண்டு கடைக்கு மாத நாவல் வந்தால், வாங்கின அன்றே முடித்துவிடுகிறவள்.

இப்போது புளியங்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் ஆஷிக் அலி ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்திருக்கிறான். "பேசாட்டாலும் பரவால்ல, அந்தப் பொண்ணுதான்" என்று வீட்டில் சொல்லிவிட்டானாம். அது காதில் விழுந்ததிலிருந்து ரூபியாவுக்குச் சோறு இறங்கவில்லை. இது மட்டும் தட்டிப் போய்விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். என்ன ஆனாலும் வாயைத் திறந்து பேசிவிட வேண்டும்.

"பேயை முதல்லயே காட்டிட்டா பயம் எங்கட்டி இருக்கு?" என்று வியாழக்கிழமையன்று எப்சிபாவிடம் கத்திக்கொண்டிருந்தாள். "பூட்டின கதவுதான் பயம். திறந்துட்டா அது வெறும் ரூமு."

"எனக்கு ரத்தம் வந்தாத்தான் பயம்."

"ரத்தம் பாக்கணும்னா கோழிக்கடைக்குப் போ. எதுக்குக் காசு குடுத்து நாவல் வாங்குத? இந்த மாசக் கதையையே எடுத்துக்கோ..."

கரண்ட் போனது. இரண்டு தறியும் ஒன்றாக நின்றன. ரூபியாவின் வாய் மட்டும் நிற்கவில்லை.

"மாமியாரை மாடிப்படியில தள்ளுனது தப்பே இல்ல. அவசரப்பட்டுட்டா, அதான் தப்பு. இன்னும் கொஞ்ச நாள் பயங்காட்டி வச்சிருந்து, பெறவு தள்ளியிருக்கணும்."

தெருவில் எல்லா வீட்டுத் தறியும் நின்றிருந்ததால், அது கடைசி வீடு வரைக்கும் தெளிவாகக் கேட்டது. முன்னறையில் யாரோ டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தமும் கேட்டது.

உம்மா பாஜிலா வெளிறிப்போய் வந்து நின்றாள். "பாவி மக்கா, புளியங்குடியில இருந்து வந்திருக்காவ. மாப்பிள்ளையோட உம்மாவும் வாப்பாவும். சேலை எடுக்க வந்தோம், அப்படியே ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னு வந்தாவளாம்."

சிங்காரிக்காத பெண்ணை வேலையோடு பார்த்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் இப்படிச் சொல்லாமல் வருவது உண்டு. ரூபியா தலையில் ஒட்டிய பஞ்சோடு முன்னறைக்குப் போனாள்.

சுபைதா பேகம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர் நஜ்முதீன் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"மாமியாரையா தள்ளுனாங்க?" சுபைதா பேகத்தின் குரல் கம்மியிருந்தது.

வாயை மூடினால் போன வருஷக் கதைதான். ரூபியா பேசினாள்.

"அது கதை மாமி. நாவல்ல வருது. மருமகதான் தள்ளுனான்னு எல்லாரும் நினைப்பாவ. அவ இல்ல மாமி, அவ தங்கமான பொண்ணு. நர்ஸுதான் தள்ளுனா."

சுபைதா பேகத்தின் முகம் சுருங்கியது. "போதும்மா."

நம்பவில்லை என்று ரூபியாவுக்குப் பட்டது. பதறிப்போய் இன்னும் வேகமாகச் சொன்னாள். "நர்ஸும் கெட்டவ இல்ல மாமி. மாடி ரூம்ல அழுதது பேயே கிடையாது, மூத்த மக. செத்துட்டான்னு சொல்லி அவளைப் பூட்டி வச்சதே அந்த மாமியார்தான்."

"அல்லாஹ்," என்று சுபைதா பேகம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

உம்மா ரூபியாவின் முழங்கையைக் கிள்ளினாள். "ஏட்டி, மாமியாரை விட்டு வெளிய வாட்டி."

"இதெல்லாம் படிக்கிறவங்க ரொம்பப் பயந்தவங்க மாமி," என்றாள் ரூபியா, அழுகை முட்ட. "நான் பல்லியைக்கூட அடிக்க மாட்டேன். கதையில இருட்டைப் பாத்துப் பழகிட்டா, கரண்ட் போனா பயம் இருக்காது. அதுக்குத்தான் படிக்கேன்."

சுபைதா பேகம் காதிலிருந்து கையை எடுத்தார். அவர் முகம் கொஞ்சம் இளகின மாதிரி தெரிந்தது. தோழிக்கு உதவ எப்சிபா புத்தகத்தோடு ஓடி வந்தது அப்போதுதான்.

"கதைதான் மாமி, நம்பலைன்னா இந்தா கடைசிப் பக்கத்தை வாசிக்கேன்."

"வேண்டாம்," என்று சுபைதா பேகம் எழுந்தேவிட்டார்.

எப்சிபா வேதக்கோயிலில் பைபிள் வாசிக்கிற பெண். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, கணீரென்று வாசித்தாள்.

"'அந்த நர்ஸ் வேறு யாருமல்ல. சிறு வயதில் காணாமல் போன இரண்டாவது மகள்தான்.'"

சுபைதா பேகம் விறுவிறுவென்று போய்ச் செருப்பை மாட்டினார். கண் கலங்கியிருந்தது. உம்மா பின்னாலேயே ஓடினாள்.

"மைனி, எம்புள்ளைக்குக் கொலை எண்ணமெல்லாம் கிடையாது மைனி. உங்களைத் தங்கமாப் பாத்துக்கிடுவா. அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்களேன்."

நஜ்முதீன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"கல்யாணம் நடக்கும் தங்கச்சி, அதுக்கில்ல. உங்க மைனி அந்த நாவல்ல பாதிதான் படிச்சிருக்கா."

சுபைதா பேகம் கைப்பையைத் திறந்து, நடுவில் பஸ் டிக்கெட் செருகிய அதே புத்தகத்தை எடுத்து ரூபியாவின் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.