ரொட்டிக்கு ரெண்டு பஸ்

"ரொட்டி வாங்க ஒருத்தன் ரெண்டு பஸ் மாறி வருவானாய்யா?"

பேராசிரியர் வரைபடத்தை மேசையில் போட்ட வேகத்தில் அதன் மூலை மடங்கியது.

நகரத் திட்டமிடல் வகுப்பில் ஆளுக்கொரு கடை கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு வாரம் வருகிறவர்களைக் கேட்டு, அவர்கள் வீடு இருக்கும் இடத்தில் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். கொத்தனாருக்கு ரொட்டிக் கடை வாய்த்தது. செங்கல் தூக்கிவிட்டுத் தாமதமாகப் படிக்க வந்தவன் என்பதால் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் அது. அதற்குமேல் வகுப்பு அவனோடு வைத்துக்கொண்டது ஒன்றுமில்லை.

"நகை வாங்க ஊரைத் தாண்டுவான். ரொட்டிக்குத் தெருவைத் தாண்டமாட்டான். பொருளாதாரப் புவியியல்ல முதல் பாடமே அதானே? உன் புள்ளி, ஊருக்கே அம்மை போட்ட மாதிரி இருக்கு. ரூம்ல உக்காந்தே வெச்சியா?"

"இல்ல சார். கேட்டுத்தான் வெச்சேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணத்தோட வா. இல்லேன்னா இந்த வருஷம் உனக்கு இல்ல."

வருஷம் போனால் உதவித்தொகை போகும். அது போனால் மறுபடி சாரம், செங்கல், தோள்பட்டை. கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, வலிதான்.

அறைக்குப் போனான். குழாயில் தண்ணீர் நின்றபோது "சனியனே" என்றான். அந்த வாரம் அறைக்குள் அவன் பேசியது அவ்வளவுதான்.

கேள்வி போதவில்லை என்று நினைத்தான். மறுநாள் கடை வாசலில் நாற்காலியைப் போட்டு, எந்தப் பஸ், வீட்டில் எத்தனை பேர், உங்கள் தெருவில் ரொட்டிக் கடை இல்லையா என்று விலாவாரியாகக் கேட்டான்.

"இருக்கே. மூணு இருக்கு," என்றார் ஒரு லாரி டிரைவர்.

"அப்புறம் ஏண்ணே இவ்ளோ தூரம்?"

"சும்மாதான். நீ சாப்டியா?"

அடுத்து வந்த நர்ஸ் அம்மா ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அதற்கடுத்த பெரியவரின் வீடு வரைபடத்திலேயே இல்லை. தனித்தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. பின்தெருவிலிருந்து நடந்து வரும் தையல்கார அம்மா ஒருத்திதான் பாடப்புத்தகத்துக்குக் கட்டுப்பட்டவள்.

ரொட்டிக் கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் என் கைப்பக்குவம்யா. எழுதிக்கோ."

"அப்படின்னா விலைய ஏத்திப் பாருங்கண்ணே."

ஏற்றினார். கூட்டம் குறையவில்லை. முந்தின நாள் ரொட்டியை எடுத்து வைத்தார். அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

எட்ட இருந்து பார்த்தாலாவது சூட்சுமம் பிடிபடுமா என்று, நாற்காலியை எதிர்வரிசையில் பூட்டிக் கிடந்த கடை வாசலுக்கு மாற்றினான். வந்தவர்கள் ரொட்டிப் பக்கம் திரும்பியும் பாராமல் சாலையைக் கடந்து வந்து அவன் முன்னால் வரிசை கட்டினார்கள்.

"இங்க ரொட்டி இல்லீங்க."

"இருக்கட்டும் தம்பி. எந்தப் பஸ்ல வந்தேன்னு கேளு. வழி முழுக்க நின்னுக்கிட்டே வந்தேன்."

எதிரே கடைக்காரர் மாவுக் கையோடு கத்தினார். "என் வியாபாரத்த நாற்காலியோட தூக்கிட்டுப் போயிட்டியேடா பாவி!"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவர்களை இழுப்பது ரொட்டி இல்லை, கேள்வி. எப்படி வந்தீர்கள், வீட்டில் யார் யார் என்று விசாரிக்க இவர்களுக்கு நாதியில்லை.

அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு எழுதினான். பக்கத்து அறையில் யாரோ சிரித்தார்கள். சுவர் வழியாக இவனுக்கும் கொஞ்சம் வந்தது. 'பேச்சுத்துணையும் ஒரு பண்டம்தான். அது கிடைக்காத மக்கள் எவ்வளவு தூரமும் வருவார்கள்.' பாவம், எப்பேர்ப்பட்ட தனிமை! தனக்காவது படிப்பு இருக்கிறது.

பேராசிரியர் அதை இரண்டு முறை படித்தார். "எந்தப் புத்தகத்துலயும் இப்படி இல்லியே. நேர்ல பாத்தாத்தான் நம்புவேன்" என்று வெள்ளிக்கிழமை அவனோடு கிளம்பி வந்தார். வரிசையில் முதலில் தையல்கார அம்மா நின்றாள்.

"ஏம்மா, வீட்ல பேச ஆளில்லாமத்தான் இங்க வர்றீங்களா?"

"யாரு, நாங்களா?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க வீட்ல ஒருத்தர் வாய மூடினா நாலு பேர் தொறப்பாங்க சார்."

"அப்ப இவங்கல்லாம்?"

"அந்த லாரிக்காரர் எங்க அண்ணன். நர்சு என் நாத்தனார். அந்தப் பெரியவர் எங்க சம்பந்தி. ஊர் முழுக்க எங்க சனம்தான்."

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். இருந்தும் கொத்தனாருக்குக் கேட்டது.

"முதல் நாள் என்கிட்ட வீடு எங்கேன்னு கேக்கறப்போ, யார்கிட்டயும் பேசி மாசக்கணக்கானவன் மாதிரி இந்தப் புள்ளைக்குக் குரலே வரல சார். அதான் தெனம் யாராவது வந்து பேசிட்டுப் போகணும்னு சொந்தத்துக்குள்ள முறை போட்டிருக்கோம்."