ரிஜெக்ட் ஆன கிச்சன் செவுரு

அன்னைக்கு வேலை ரொம்ப சிம்பிள். வேப்பம்பட்டுல நாங்க கட்டுற வீட்டுக்கு, கிச்சன்ல அடுப்புக்குப் பின்னாடி ஒட்டுறதுக்கு டைல்ஸ் வாங்கணும். அவ்வளவுதான்.

அம்மா கிளம்பும்போதே சொல்லிடுச்சு. "வாசக்கதவு உங்கப்பா செலக்சன். ஃபேன் உங்கப்பா செலக்சன். பாத்ரூம் குழாய் வரைக்கும் உங்கப்பா. அந்த ஒரு செவுரு மட்டும் என்னுது."

அப்பாவைப் பத்திச் சொல்லிடறேன். கும்மிடிப்பூண்டியில இரும்பு வார்க்கிற கம்பெனி ஒண்ணுல இருபது வருஷமா இன்ஸ்பெக்சன். வர்ற ஒவ்வொரு பீஸையும் டார்ச் அடிச்சுப் பாப்பாரு. மயிரிழை விரிசல் இருந்தாக்கூட செகப்பு மார்க்கரால ஒரு பெருக்கல் குறி. ரிஜெக்ட். வீட்டுலயும் அதே டூட்டிதான். ஓரம் பிஞ்ச தோசை ரிஜெக்ட். என் மார்க் ஷீட்டுக்கு மட்டும் டார்ச் தேவைப்படறதில்ல.

திருவள்ளூர்ல டைல்ஸ் கடை. சேல்ஸ்மேன் அண்ணன் மூக்காலயே பேசுவாரு. "வாங்க மேடம்... இது ஹேண்ட்மேட் லுக் மேடம்... கிராக்கிள் ஃபினிஷ் மேடம்..."

பாத்தேன். இளம்பச்சையில செங்கல் மாதிரி நீளநீளமா டைல்ஸ். மேல பூரா பொடிப்பொடியா விரிசல், காய்ஞ்ச ஏரி மாதிரி.

"அண்ணா, விரிசல் வுட்டிருக்கே."

"அதான்மா டிசைனே."

"விரிசல் இல்லாதது?"

"அது அந்தப் பக்கம். விலை கம்மி."

மெஷின்ல பண்ணிட்டு, மெஷின்ல பண்ணலைன்னு காட்ட ஓரத்தைக் கோணலாக்கி, மேல விரிசலும் விட்டு, அதுக்குத் தனியா காசு வாங்கறாங்க. எங்கப்பா கம்பெனிக்கு இந்த ரகசியம் தெரியாம இருபது வருஷமா நல்ல சரக்கைத் தூக்கிப் போட்டுட்டாங்க பாவம்.

அம்மா அந்த டைல்ஸைத் தடவின மாதிரி, என்னைக் கைக்குழந்தையில கூடத் தடவியிருக்காது. "இதான்" அப்படின்னுச்சு.

சேல்ஸ்மேன் இழுத்தாரு. "சார் வெள்ளை பிளைனுக்கு ஆர்டர் குடுத்துட்டுப் போயிருக்காரு மேடம்... மாத்தறதுன்னா அவரு ஒரு வார்த்தை சொல்லிடட்டும்..."

அப்பா ஷிப்டுல இருக்காரு. ஃபோன் லாக்கர்ல. அதைவிட முக்கியம், அவரு சொல்ற அந்த ஒரு வார்த்தை என்னன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

அம்மா என்னைப் பாத்துச்சு. எனக்கு அன்னைக்கு நல்ல சளி. சாதாரண நாள்லயே எனக்கு யார் குரலும் வரும். ஹெச்.எம். குரல்ல ஒரு கிளாஸுக்கே லீவு விட்டவ நான். சளி புடிச்சுட்டா அப்பா குரல் அச்சு அசலா எறங்கும்.

வெளிய போய், கடை போர்டுல இருந்த நம்பருக்கு அடிச்சேன்.

"ஹலோ, யாருபா? நான்தான் வேப்பம்பட்டு வெள்ளை டைல்ஸு. ஃப்ரெண்டு ஃபோன்ல பேசறேன். ஊட்டுக்காரம்மா இன்னா கேக்குதோ அத்தையே போட்டுடு."

"ஓகே சார்... சீலர் ஒரு டப்பா போட்டுடட்டுமா சார்... விரிசல்ல கறை எறங்காம மேல பூசறது..."

இங்கதான் தப்பு நடந்துச்சு. நான் நானா இருந்திருந்தா சரின்னு சொல்லியிருப்பேன். நான் அப்பாவா இல்ல இருக்கேன்.

"இன்னாபா, டைல்ஸும் விப்ப, அதுமேல பூசறதையும் விப்ப, அப்புறம் தொடைக்கத் துணியும் விப்பியா? ஒண்ணும் வேணாம், வை ஃபோனை."

பிரமாதமா பண்ணிட்டோம்னு நெனச்சேன்.

டைல்ஸ் ஒட்டி முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை அம்மா சொந்தக்காரங்களுக்குப் பத்திரிகை வைக்கப் போயிடுச்சு. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறோம். நானும் அப்பாவும் புது வீட்டுக்குப் போனோம். நான் மாடியில ரெண்டு செல்ஃபி எடுத்துட்டு எறங்கி வந்தா, கிச்சன்ல டார்ச் வெளிச்சம்.

செவுரு பூரா செகப்பு பெருக்கல் குறி. ஒரு டைல்ஸ் விடல.

"மொத்த லாட்டும் அவுட்டு" அப்படின்னு மார்க்கர் மூடியை மாட்டிக்கினே கடைக்கு ஃபோன் போட்டாரு. "இன்னா தம்பி, வெள்ளை கேட்டா விரிசல் வுட்ட பச்சையைத் தலையில கட்டிட்டியா?"

ஸ்பீக்கர்ல மூக்கு பேசுச்சு. "சார்... நீங்கதானே ஃபோன்ல ஓகே பண்ணீங்க... சீலர் கூட வேணாம்னு திட்டினீங்களே சார்..."

"நானா?"

அப்பா மெதுவா என் பக்கம் திரும்பினாரு. எனக்குச் சளி சரியாயிடுச்சு.

துணியில பெயிண்ட் தின்னரைத் தொட்டுத் தொடைச்சோம். மேல இருந்த மை போச்சு. மீதி எல்லாம் விரிசல் விரிசலா உள்ள எறங்கி, பெருக்கல் குறி ஒவ்வொண்ணும் வேர் விட்ட மாதிரி ஆயிடுச்சு.

அம்மா சாயங்காலம் வந்துச்சு. செவுத்துல ஒரு குறியை விரலால தேச்சுப் பாத்துச்சு.

"எல்லாம் ரிஜெக்டா?"

"இல்லமே, விரிசலு இருந்துச்சா, கை தானா..."

"ஒண்ணு கூட பாஸ் ஆகல?"

அப்பா குனிஞ்சு தேடினாரு. கேஸ் பைப் மறைவுல கூட குறி இருந்துச்சு.

அம்மா அவரு பாக்கெட்டுல இருந்து மார்க்கரை எடுத்துச்சு. அவரு கண்ணாடியைக் கழட்டித் தான் மாட்டிக்கிச்சு. அப்பாவை மேலயிருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, வெள்ளைச் சட்டையில பெருசா ஒரு பெருக்கல் குறி போட்டுச்சு. அடுத்தது என் நெத்தி.

வெள்ளிக்கிழமை பால் பொங்குச்சு. திருநின்றவூர் அத்தை பாலைப் பாக்கல, செவுத்தைத்தான் பாத்துச்சு. "இன்னா அண்ணி இது, பச்சையில செகப்பா கோலம் மாதிரி? எங்கயும் பாத்ததில்லையே."

நான் நைஸா அப்பா பின்னாடி போய் நின்னுக்கினேன்.

"ஹேண்ட்மேட்" அப்படின்னுச்சு அம்மா. "உங்கண்ணனே கையால ஒண்ணொண்ணா போட்டது."

அப்பா ஒண்ணும் தெரியாத மாதிரி பால் சொம்பை டார்ச் இல்லாமலே இன்ஸ்பெக்சன் பண்ணாரு. அம்மா அவருக்குத்தான் முதல் டம்ளர் குடுத்துச்சு.

போன வாரம் அப்பாவுக்குக் கடையிலயிருந்து ஃபோன். "சார்... உங்க தங்கச்சி வந்திருக்காங்க... பச்சையில செகப்பு குறி போட்ட டைல்ஸ்தான் வேணுமாம்... நான் இன்னா சார் சொல்றது..."

அப்பா ஃபோனைப் பொத்தி என்கிட்ட நீட்டினாரு. "நீயே பேசு. என் குரல்லயே பேசு."

பேசினேன், இந்தத் தடவை அத்தையைச் சீலரும் சேத்து வாங்கிக்கச் சொல்லிட்டேன்.