ஆறு இடப்பக்கம், மனைவி பின்பக்கம்

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்கள் இரண்டே இரண்டு. அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று.

அலுவலகத்தில் சொன்னது: "வரணும்னு ஆசைதான். வீட்ல விடமாட்டேங்கறா."

வீட்டில் சொன்னது: "கூட்டிட்டுப் போகணும்னு ஆசைதான். ஆபீஸ்ல லீவு தரமாட்டேங்கறாங்க."

இரண்டும் ஒன்பது வருடம் ஒன்றையொன்று சந்திக்காமல் நல்லபடியாக வாழ்ந்துவந்தன.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். ஆற்றங்கரைக் கிராமங்கள் வழியாக மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்காக எங்கள் அலுவலகம் ஒரு மடிப்புத்தாள் போட்டிருக்கிறது. அதில் படமும் என்னுடையது, வாசகமும் என்னுடையது. 'பாலம் தாண்டியதும் ஆற்றை இடப்பக்கம் வைத்துக்கொண்டு பதினோரு வளைவுகள். ஏழாவது வளைவில் வேகத்தைக் குறைத்து நாணல் காட்டைக் கண்ணாரக் காணவும்.' இப்படியெல்லாம் எழுதினேனே தவிர, கண்ணாரக் கண்டதில்லை. என் மேசையில் அந்த ஏழாவது வளைவு ஒரு சாண் தூரம்தான்.

வண்டி ஓட்டத் தெரியும். வீட்டிலிருந்து அலுவலகம் வரை ஓட்டுவேன். நடந்து போகிறவர்கள் கூடவே வந்து நாலு வார்த்தை பேசிவிட்டு, அவசர வேலை இருந்தால் என்னை முந்திக்கொண்டு போவார்கள். அந்த வேகம்.

இது அலுவலகத்து மோட்டார் சைக்கிள் கோஷ்டிக்குத் தெரியாது. கோஷ்டித் தலைவன் பக்கத்து மேசைக்காரன். அவனுக்கு 'கிளட்ச்' என்று பெயர். யாரையாவது பிடித்தால் விடமாட்டான். "அந்தப் பாதையை எழுதின நீங்களே முன்னாடி போகணும் சார்" என்று ஒன்பது வருடமாக என்னைப் பிடித்துக்கொண்டிருந்தான். என் பொய்தான் என்னை விடுவித்துக்கொண்டிருந்தது.

என் மனைவி தையல்காரி. அந்த ஆற்றங்கரைக்கு ஒருமுறை கூட்டிப்போகச் சொல்லி ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டின் முன்னறைதான் கடை. கிளட்சின் மனைவியும் தனி வண்டி வைத்து ஓட்டுகிறவள். அவள் ஒருநாள் சட்டைக்கு அளவு கொடுக்க அந்த முன்னறைக்கு வந்திருக்கிறாள். அளவு நாடாவின் ஒரு முனையில் ஒரு பொய், மறுமுனையில் இன்னொரு பொய். அங்கேதான் இரண்டும் சந்தித்தன.

எனக்கு இது தெரியாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளட்சும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணி, ஒரு வேண்டுகோள். வர்ற சனிக்கிழமை ஆத்தோரமா ஒரு ரைடு. சாரை ஒரு நாள் எங்ககிட்ட விடணும்."

நான் கதவோரம் நின்று, முகத்தை ஏமாற்றத்துக்குத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவள் ஊசியில் நூல் கோத்தபடியே, "தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"என்னது?" இது நான்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ஆறு மணிக்கு ஆத்துக்கு" என்றான் கிளட்ச்.

"இவ மரியாதைக்குச் சொல்றாப்பா. மனசுக்குள்ள பயந்துட்டிருக்கா."

"மனசுக்குள்ள நிம்மதியா இருக்கேன்" என்றாள்.

அவர்கள் போனதும் தையல் இயந்திரத்தின் அருகே போய் நின்றேன்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற எப்படிச் சொல்லணும்?"

"வேண்டாம்னு ஒரு வார்த்தை."

"அதைத்தான் ஒன்பது வருஷமா எனக்குப் பதிலா நீங்களே சொல்லிட்டிருக்கீங்களாமே. தனியா நான் வேற சொல்லணுமா?"

இயந்திரம் நின்றுவிட்டது. ஊசியைவிடக் கூர்மையான ஒன்று என்னைக் குத்திக்கொண்டிருந்தது.

"புருஷனைக் கட்டிப்போட்டு வச்சிருக்கேன்னு உங்க ஆபீஸே நினைக்குது. அந்தப் பொண்ணு சட்டைக்கு அளவு கொடுக்கறப்போ கையைத் தூக்குன்னா தூக்கறா, இறக்குன்னா இறக்கறா. நான் அடிச்சிடுவேன்னு பயம்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் திட்டம் போட்டேன்.

வியாழக்கிழமை எனக்கு ரைடுக்கென்று ஒரு கெட்டியான ஜாக்கெட் தைக்க அளவெடுத்தாள். "மூச்சை விடுங்க. வயித்தை எக்கிட்டு அளவு கொடுத்தா, பத்தாவது கிலோமீட்டர்ல பட்டன் தெறிக்கும்." விட்டேன். நாடா இரண்டு அங்குலம் ஓடியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கடையில் இருக்கும்போது, வண்டியின் பிளக் வயரைக் கழற்றிவிட்டு வந்தேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணி. உதைத்தேன். உறுமவில்லை. மறுபடி உதைத்தேன். "அடடா, இன்னைக்குன்னு பாத்து..." என்று குரலில் துக்கம் சேர்த்துக்கொண்டிருந்தபோது வெளிக்கதவு திறந்தது. கருவிப் பையோடு மெக்கானிக் வந்தார்.

"நீங்க எங்க இந்த நேரத்துல?"

"அக்கா செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டாங்க சார். சனிக்கிழமை அஞ்சரைக்கு உங்க வண்டி ஸ்டார்ட் ஆகாதுன்னு."

குனிந்தார். அரை நிமிடம்தான். வண்டி உறுமியது. "வயர் கழண்டிருக்கு. எலி வேலையா இருக்கும்."

"எலிதான். கொஞ்சம் பெரிய எலி" என்றபடி மனைவி வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீயுமா? கடை?"

"லீவு. என் முதலாளி ரொம்ப நல்லவ."

பாலம் தாண்டினோம். முன்னால் நாங்கள், பின்னால் கிளட்சும் அவன் மனைவியும் உட்பட ஐந்து வண்டிகள். நான் வரைந்த வளைவுகள் நான் வரைந்ததைவிட அதிகமாக வளைந்திருந்தன. புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு சைக்கிள் எங்களை முந்தியது. ஓட்டியவர் ஒரு கையால் மணியடித்து, மறு கையால் வழி கேட்டார். "சார் எப்படி ரசிச்சு ஓட்டறார் பாரு" என்று கிளட்ச் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. மனைவி என் முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினோராவது வளைவுக்கு அப்பால் படகுத்துறை. மடிப்புத்தாளில் நான் எழுதியிருந்தது ஒரே வரி: 'இங்கே வண்டியைப் படகில் ஏற்றி அக்கரை சேரவும்.' படகு ஆடும் என்று நான் எழுதவில்லை. கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு பலகைதான் என்பதும், கீழே தண்ணீர் சுழித்து ஓடும் என்பதும் எனக்கே அப்போதுதான் தெரியும்.

"சார், முதல்ல நீங்க" என்றான் கிளட்ச்.

கியரில் வைத்த கால் அசையவில்லை. அத்தனை பேரும் இஞ்சினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒன்பது வருடப் புகழ் அந்தப் பலகை வழியாகத் தண்ணீருக்குள் இறங்கப்போகிறது என்று நினைத்தேன்.

மனைவி வண்டியிலிருந்து இறங்கினாள்.

"இவரு பலகையில ஓட்டக் கூடாது" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "எனக்குப் பயம். நான் விடமாட்டேன்."

"அண்ணி, சார் அதெல்லாம் சும்மா ஏத்திடுவார்."

"ஏத்திடுவார்னு தெரியும். அதனாலதான் விடமாட்டேங்கறேன்."

முகத்தை ஏமாற்றமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. நிம்மதி வழிந்தது. நான்கு பேர் என் வண்டியைத் தள்ளி ஏற்றினார்கள். படகுக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எல்லா வண்டியையும் தள்ளித்தானே ஏத்தணும்? ஓட்டி ஏத்த நானே விடமாட்டேனே" என்றார்.

படகு நகர்ந்தது. என் தாளில் நீலக் கோடாக இருந்த ஆறு, நேரில் பழுப்பாக, அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"மன்னிச்சுடு."

"என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி?"

திரும்பினேன். தொண்டையைச் செருமினேன். "இவ என்னைத் தடுத்ததே இல்ல. பயம் எனக்குத்தான். எல்லாம் நான் சொன்ன பொய்" என்றேன். படகு கவிழவில்லை. கிளட்ச் மட்டும் அவள் பக்கம் திரும்பி, "தப்பா நினைச்சுட்டோம் அண்ணி" என்றான். அவன் மனைவி முதல்முறையாகப் பயமில்லாமல் அவள் தோளில் கை போட்டாள். ஒன்பது வருடமாக ஆறாத அவள் மனசு ஆற்று நடுவில் ஆறியது.

அக்கரைப் பாதையில் நான் ஒரு சைக்கிளை முந்தினேன். நின்றுகொண்டிருந்த சைக்கிள்தான், ஆனாலும் முந்தினேன். மதியம் மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது உடம்பே லேசாக இருந்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் நகர்ந்து போனேன்.

"அடுத்த மாசம் மேலாத்துப் பக்கம் ரெண்டு நாள் ரைடு போறாங்களாம். நாமளும் வர்றோம்னு சொல்லிடட்டுமா?"

அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள்.

"நேத்தே சொல்லிட்டேங்க, கிளட்சோட மனைவி வண்டியில பின்னாடி ஒரு இடம் போதும்னு."