தோள் கொடுக்க மாட்டேன்

இந்த வருஷம் சாமிக்குத் தோள் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். முதலில் சாமியிடம் சொன்னேன். மறுப்பு வரவில்லை. பிறகு மனைவி குந்தவையிடம் சொன்னேன்.

அவள் பிறந்த ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். திருவிழாவில் அந்த ஊரில் பெண் கட்டியவர்கள்தான் பல்லக்குத் தூக்க வேண்டும். வழக்கமாம்! உள்ளூர்க்காரர்கள் நீர்மோர் குடித்துக்கொண்டே, "அப்படித்தான் மாப்ள!" என்பார்கள்.

எனக்கோ வலது தோளில் வலி. நிஜமான வலி! அரிசி ஆலையில் ராத்திரி வேலை எனக்கு. அங்கே முனகினால் கேட்பதற்கு நெல் ஊறும் தொட்டிதான் உண்டு. பகலில் முனகினால் தூக்கக் கலக்கம் என்கிறார்கள்.

"அதெப்படிங்க, கொடியேத்துனதும் கரெக்டா வலி வருது?"

"டாக்டர் சொன்னா நம்புவியா?"

"கெளம்புங்க."

சாட்சிக்கு அவளையே அழைத்துப்போனேன். புத்தி!

தஞ்சாவூர் டாக்டர் என் தோளைத் தூக்கினார், சுழற்றினார். கழுத்தை ஓர் அமுக்கு அமுக்கினார். அலறிவிட்டேன்.

"தோள்ல ஒண்ணுமில்ல. கழுத்துல நரம்பு அழுந்துது, வலி தோளுக்கு இறங்குது. என்ன வேலை பாக்குறீங்க?"

"ராத்திரி பூரா குனிஞ்ச தலை நிமிராம போன் பாக்குற வேலை டாக்டர்" என்றாள் குந்தவை.

அநியாயம்! கழுத்து நரம்பு தோளுக்கு வருகிறது என்று அந்தப் போனில் படித்து, டாக்டருக்கு முன்னாலேயே கண்டுபிடித்தவன் நான்!

"குனிஞ்சே இருக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு பாரம் தூக்க வேணாம்."

பாதி வலி அங்கேயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் குந்தவை தன் அண்ணன் பஞ்சநதத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, இவரு பல்லக்கு தூக்கக் கூடாதாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும்!

"குனியவும் கூடாதாம். நிமிந்து பாக்குற மாதிரி வேலை ஏதும் இருக்கா?"

இருந்தது.

"அடியே, கழுத்துடி!"

"அதுக்குத்தான் நிமிரச் சொல்றேன். தோள்லதான் ஒண்ணுமில்லன்னுட்டாரே."

"ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குடி!"

"உங்களுக்கும் எங்க ஊருக்கும்கூடத்தான் சம்பந்தம் இருக்கு. கெளம்புங்க."

பல்லக்குக்கு முன்னால் நடந்தேன். கையில் இரண்டு ஆள் உயரக் கவைக்கம்பு. தெருவுக்குத் தெரு தாழ்ந்து தொங்கும் கேபிள் ஒயர்களை அதைக் கொண்டு உயர்த்திப் பிடித்துச் சாமிக்கு வழிவிட வேண்டும். அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு டிவி. டிவிக்கு இரண்டு ஒயர் போலிருக்கிறது. கை மேலே, கண் மேலே, கழுத்து எங்கே என்றே தெரியவில்லை. பின்னாலோ, தெரு முனைக்குத் தெரு முனை மாப்பிள்ளைகள் தோள் மாற்றிக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள்.

"மச்சான்! கம்புக்கு மாத்து ஆள் எங்கே?"

பஞ்சநதம் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாரம் தூக்குறவங்களுக்குத்தான் மாத்து ஆளு. நீங்கதான் சும்மா வர்றீங்களே, மாப்ள!"