தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டவன்

ஹெல்ம்பிரிட்ஜ், லங்காஷயர்
அக்டோபர் 15, 2024, செவ்வாய்

அன்பிலும் அதட்டலிலும் எனக்கு என்றைக்கும் குறை வைக்காத ஜில்லியன் அக்காவுக்கு, உன் சித்தப்பா மகன் டெரிக் வணக்கத்துடன் எழுதுவது. ஸ்கார்பரோவில் கடல்காற்று உனக்கும் உன் பூனைக்கும் ஒத்துக்கொள்கிறது என்று நம்புகிறேன். இங்கே மோரீன் நலம். எனக்கு இடது முழங்கால் தவிர மற்ற பாகங்கள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. நீ அனுப்பிய இஞ்சி கேக் வந்து சேர்ந்தது. மோரீன் அதை எங்கேயோ ஒளித்து வைத்திருப்பதால் ருசியைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் நடக்கும் மாதிரி ரயில் கண்காட்சிக்கு உன் அப்பா, நம் வின்சென்ட் பெரியப்பா, செய்த குட்டி ரயில் ஊரை நீ பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவருவதாகவும், அதற்கு முன்னால் நிறுத்த ஓர் அட்டை வேண்டும் என்றும், நகராட்சியில் முப்பது வருஷம் பெயர்ப்பலகை எழுதியவன் நான் என்பதால் ‘1974இல் ஆர்னால்ட் டாட்டர்சால் செய்த சதியால் கோப்பையை இழந்த ரயில் ஊர்’ என்று அழகாக எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அக்கா, பதினோரு அட்டை பாழாகிவிட்டது. ‘டா’ வரைக்கும் வருகிறது, அதற்குமேல் தூரிகை நகர மறுக்கிறது. தூரிகை பழசாகிவிட்டது என்று மோரீனிடம் சொன்னேன். அவள் புதுத் தூரிகை வாங்கி வந்துவிட்டாள். அதிலும் ‘டா’தான் வருகிறது. செத்துப்போன ஒரு மனிதரின் பெயரை, அவருடைய பேத்தி அதே கூடத்தில் டீ ஊற்றிக்கொண்டு நிற்கும்போது, இப்படி எழுதி நிறுத்த என்னால் முடியாது. ஏனென்றால் சதி செய்தது அவர் இல்லை. நான்தான். அப்பாடா, எழுதிவிட்டேன். இனிமேல் நீ என்னைத் திட்டுவதற்கு வசதியாக நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. சனிக்கிழமை தவறாமல் டாட்டர்சாலின் மாதிரி ரயில் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பேன். முடிவெட்டும் கடைக்கும் பொரித்த மீன் கடைக்கும் நடுவே இருந்த அந்தக் கடையில் எஞ்சின்கள் வரிசையாக நிற்கும், பெயின்ட் வாசனையும் மீன் வாசனையும் சேர்ந்து அடிக்கும், நான் கண்ணாடியில் விட்ட மூச்சை அவர் வெளியே வந்து துணியால் துடைத்துவிட்டு உள்ளே போவார். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் பிறந்தநாள் காசோடு உள்ளே போய், பெரியப்பாவுக்கு ஏதாவது உதவியாக வாங்க வேண்டும் என்றேன். ஊசிமூக்கு வைத்த குட்டி எண்ணெய் பாட்டில் ஒன்றை எடுத்துத் தந்தார். “ஒரே ஒரு சொட்டு போடு தம்பி, அப்புறம் பாரு, பொட்டிப்பாம்பா சத்தமில்லாம ஓடும்” என்றார். எதில் போடுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா தன் பதினோரு வருஷ உழைப்பைத் தேவாலயக் கூடத்தில் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டினார். பிறகு ஆம்பளைகள் எல்லாரும் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடப் போனார்கள். “டெரிக், நீதான் காவல். எவனையும் கிட்ட விடாதே” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எவனையும் விடவில்லை அக்கா. நானே போனேன். எஞ்சினுக்கு ஒரு சொட்டு என்றால் இவ்வளவு பெரிய தண்டவாளத்துக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று யோசித்து, இருபத்திநான்கு அடி நீளத்துக்கும் போட்டேன். பாலத்தின்மேல் இரண்டு தடவை போட்டேன், அங்கே ஏற்றம் இருக்கிறதே என்று. பாட்டில் காலியானதும் எனக்கு வந்த பெருமையை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது, எண்ணெய் பட்டால் அதுவும் சரியாகப் போகாது, சக்கரமும் பிடிக்காது என்பது மறுநாள் பத்து மணிக்கு எனக்கும் ஊருக்கும் சேர்ந்தே தெரிந்தது. நீ வாசலில் உட்கார்ந்து வருகிறவர்கள் கையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாய். பெரியப்பா பால் ரயிலைக் கிளப்பினார். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. “குளிரு. தண்டவாளம் விறைச்சுப் போச்சு” என்றார் பெரியப்பா, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. அப்புறம் விரலால் ஒரு தள்ளு தள்ளினார். மேலேயிருந்து ஒரு கை இறங்கி வந்து ரயிலைத் தள்ளுவதைவிடப் பெரிய அவமானம் அந்தக் கூடத்தில் கிடையாது என்பது உனக்குத் தெரியும். தள்ளிய ரயில் பாலத்து உச்சி வரை போய், யோசித்து, பின்னாலேயே சறுக்கி வந்து நிலக்கரி வண்டியை இடித்து, அது பொம்மை மாட்டை இடித்து, மாடு பொம்மைத் தேவாலயத்துக்குள் போய் விழுந்தது. பெரியப்பா கைக்குட்டையால் துடைத்தார், எண்ணெய் இன்னும் நன்றாகப் பரவியது. கழுத்துப்பட்டையைக் கழற்றி அதனாலும் துடைத்தார். “ஓடாத ரயிலுக்கு எதுக்குங்க டிக்கெட்டு?” என்று ஒரு அம்மாள் கேட்டாள். “சும்மா இருங்கம்மா, நம்ம நிஜ ரயிலு மட்டும் ஓடுதாக்கும்? அச்சு அசலா செஞ்சிருக்காரு மனுஷன்” என்று ஒருவர் பரிந்து பேசினார். அதுதான் பெரியப்பாவை அதிகமாகக் குத்தியது.

அப்போதுதான் அவர் விரலை மோந்து பார்த்தார். அந்த எண்ணெய் ஊரில் ஒரே கடையில்தான் கிடைக்கும், அந்தக் கடைக்காரருடைய ரயில் ஊர்தான் அந்த வருஷம் போட்டிக்கு எதிரே நின்றது. நேரே டாட்டர்சால் முன்னால் போய் நின்று, “ஆர்னால்ட், தோக்கப் பயமா இருந்தா வீட்ல உக்காந்திருக்கலாமே! இப்படியாடா பண்ணுவே?” என்று கத்தினார். டாட்டர்சால் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என் கையில் சூடாக ஒரு இறைச்சி பஃப் இருந்தது. பேசவே முடியாதபடி அதை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டேன். நாக்கு வெந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. “பாவம் புள்ள, பெரியப்பனுக்காக அழுவுது” என்று டீ ஊற்றிய பெண்கள் இன்னொரு பஃபும் தந்தார்கள். அதையும் தின்றேன்.

டாட்டர்சால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோப்பை அவருக்குப் போயிற்று. அதற்குப் பிறகு பெரியப்பா ஒரு டப்பா பெயின்டுக்குக்கூட பஸ் ஏறி மான்செஸ்டர் போனார். நான் அந்தக் கடை வழியே போனால் டாட்டர்சால் வாசலுக்கு வந்து, “என்ன தம்பி, எண்ணெய் கிண்ணெய் வேணுமா?” என்று கேட்பார். நான் எதிர்ச்சாரிக்கு மாறினேன். அங்கே ஒரு கடிநாய் இருந்தது. நாயே தேவலை என்று எட்டு வருஷம் நடந்தேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் பெரியப்பாவும் அவரும் ஆளுக்கொரு கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து சொல்லிவிட நினைப்பேன். உடனே பாட்டு ஆரம்பித்துவிடும். இப்படியே இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் கோழை அக்கா. ஒரு நல்ல மனிதர் மேல் பழி போட்டு, அதை ஐம்பது வருஷம் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவன். அந்த அட்டையை என்னிடம் கேட்காதே. மன்னிக்க முடிந்தால் மன்னி, முடியாவிட்டால் சனிக்கிழமை என் பக்கம் திரும்பாமல் இரு, நான் கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

உனக்கும் பூனைக்கும் சகல நலனும் உண்டாகட்டும். உன் காருக்கு வழியெல்லாம் பச்சை விளக்கே விழட்டும்.

தலைகுனிவுடன்,
டெரிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மோரீனிடம் படிக்கக் கொடுத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஜில்லியன் அண்ணிக்கு என்னிக்கோ தெரியுமே! நம்ம பொண்ணு கேரன் கல்யாணத்தன்னிக்குச் சமையக்கட்டுல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க” என்கிறாள். கண்காட்சி நடந்த அன்றைக்குச் சாயங்காலமே டாட்டர்சால் உங்கள் வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் நடந்ததைச் சொல்லி, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்களாமே? “அவனே வந்து சொல்லட்டும் ஆர்னால்ட். அதுவரைக்கும் நாம சண்டையிலேயே இருப்போம்” என்றாராமே பெரியப்பா? நான் இல்லாதபோது வாராவாரம் பரணில் உட்கார்ந்து ஒன்றாகச் சீட்டாடிவிட்டு, என்னைக் கண்டால் மட்டும் முதுகைக் காட்டினார்களாமே? மான்செஸ்டர் பஸ்கூட எனக்காகத்தானா? இந்த அட்டையும் நீ போட்ட தூண்டில்தானாமே?

அப்படியானால் மேலே எழுதியது எல்லாம் வீண். உனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான் பாக்கி, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று, நீ டீ வாங்க வெளியே போயிருந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு, “டெரிக், எங்கிட்ட ஏதாவது சொல்லணுமாடா?” என்று கேட்டார். நான் நம் ஊர்க் கால்பந்து அணி இரண்டுக்கு ஒன்று ஜெயித்ததைச் சொன்னேன்.