ஒன்றாம் எண்ணின் முழுப் பொறுப்பு

டாக்குரியாவில் இருக்கும் எங்கள் எடைக்கல் ஆய்வு அலுவலகம் நாட்டுக்குப் பெரும் சேவை செய்து வருகிறது. என்ன சேவை என்று கேட்கக் கூடாது; நாங்களே கேட்டதில்லை. இனி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் மாறாத ஐபி முகவரி வேண்டும் என்று மேலிடம் ஆணை பிறப்பித்தது. மாறாத எதுவும் எங்களுக்குப் பிடிக்கும். உடனே சம்மதித்தோம்.

நெட்வொர்க் வேலைக்கு சந்தீப் வந்தான். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழன். முகவரியின் கடைசி எண்ணை ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டினான். இன்டர்நெட்டுக்கு வழிவிடும் ரௌட்டர் பெட்டிக்கு 1. பிரிண்டருக்கு 2. எங்கள் அதிகாரி ராகவேந்திரனுக்கு 10.

அதிகாரி படித்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இந்த டப்பா எனக்கு சீனியரா?"

"ஆரே பாபா, அது வாசல் மாதிரி சார். எல்லாம் அது வழியாத்தான் வெளியே போகும்."

"வாசல்ல இருக்கறவன் வாட்ச்மேன். அவனுக்கு ஒண்ணு, எனக்குப் பத்தா? ஒண்ணை எனக்குக் குடு."

"ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்னா குழப்பம் வரும் சார்."

"ஆபீஸ்னா குழப்பம் வரத்தான் வரும்."

சந்தீப் கொடுத்துவிட்டான். நெட் படுத்துவிட்டது.

எங்களுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஜால்முரி என்ற காரப் பொரியை வாங்கிக் கொறித்துக்கொண்டிருந்தோம். பதறியவள் பத்மஜா மட்டும்தான். கணவரும் குழந்தையும் சேலத்தில், அவள் ரயிலில் ஒன்றரை நாள் தூரத்தில் இங்கே. மாற்றல் விண்ணப்பத்துக்கு அன்று மாலை ஐந்து மணியோடு கெடு. விண்ணப்பம் போடும் இணையதளமோ அலுவலக இணைப்பில் மட்டும்தான் திறக்கும்.

"சார், வெளியே போக வேண்டியதெல்லாம் உங்க கம்ப்யூட்டருக்கு வந்துடுதாம்," என்றாள்.

"வரட்டும். எல்லாம் என் வழியாத்தான் போகணும்."

"போகலை சார். உங்ககிட்ட வந்து அப்படியே நின்னுடுது," என்றான் சந்தீப்.

"அதுதானே முறை!"

பத்மஜா மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"சார், நீங்க லீவு போட்டா பொறுப்பை இன்னொருத்தர்கிட்ட குடுப்பீங்க இல்லையா? அரை நாள் லீவு போட்டு, ஒண்ணாம் நம்பரை டப்பாகிட்ட பொறுப்பா ஒப்படைச்சுடுங்க. சீனியாரிட்டி உங்ககிட்டயே இருக்கும்."

விதிக்கு உட்பட்ட யோசனை என்பதால் அதிகாரி மகிழ்ந்தார். 'மேற்படி எண்ணின் முழுப் பொறுப்பும் மேற்படி ரௌட்டரிடம் இதனால் ஒப்படைக்கப்படுகிறது' என்று கையெழுத்திட்டார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு லேக் கார்டன்ஸில் உள்ள வீட்டுக்குப் போனார்.

நெட் வந்தது. கைதட்டினோம். பத்மஜா அவசர அவசரமாக விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். திரையில் ஒரு வரி வந்தது: 'அலுவலக அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.'

போன் போட்டாள். "சார், பக்கம்தானே, ஒரு ஆட்டோ பிடிச்சு வந்து ஒப்புதல் குடுத்துடுங்க சார், ப்ளீஸ்!"

"நான் லீவுல இருக்கேம்மா. லீவுல இருக்கறவன் ஒப்புதல் குடுத்தா செல்லாது. பொறுப்புல இருக்கறவரைக் கேளு."

எல்லோரும் ரௌட்டரைத் திரும்பிப் பார்த்தோம். பொறுப்பு அதிகாரி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தார். ஐந்து மணி ஆனது. பத்மஜா மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

மறுநாள் ராகவேந்திரன் வந்து பொறுப்பைத் திரும்ப ஏற்றுக்கொண்டார். அன்று போன நெட் இன்னும் வரவில்லை. யாரும் புகார் சொல்லவில்லை. அதிகாரி ஒன்றாம் எண்ணுக்குப் போனதில் பத்தாம் எண் காலியாகிவிட்டது அல்லவா? அதைக் கேட்டு ஆளுக்கொரு மனு கொடுத்திருக்கிறோம். முதலில் கொடுத்தவன் நான்.

பத்மஜாவும் கொடுத்திருக்கிறாள். இங்கேயே இருக்கப்போகிறவளுக்கு ஒரு நல்ல எண்ணாவது வேண்டாமா என்கிறாள்.